புடமிடப்பட்ட வாழ்வு: கண்டியில் ஒராபி பாஷா

ஈமான் கொண்டோம் என்று நாவால் மொழிவது இலகு. அந்த மொழி உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறதா என்பது துன்பம் வரும்போதே தெரியவரும். அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு ஆகியவற்றால் அடியார்கள் சோதிக்கப்படுவார்கள் என்பதைத் திருமறை நமக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. பொன்னை நெருப்பிலிடும் தட்டான் அந்தப் பொன்னின் மீது கோபம் கொண்டவனல்லன். அதில் கலந்திருக்கும் மாசு நீங்கவேண்டும் என்பதே அவன் நோக்கம். அல்லாஹ் தன் அடியார்களைச் சோதிப்பதும் அவ்வாறே என்று நம் பெரியோர் சொல்லிவந்திருக்கின்றனர்.

நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் நெருப்பிலே இடப்பட்டார்கள். நபி அய்யூப் (அலை) அவர்கள் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தார்கள். நபி யூஸுப் (அலை) அவர்கள் கிணற்றில் எறியப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, குற்றமின்றிச் சிறையிருந்தார்கள். இவ்வரலாறுகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நாம், சோதனை என்பது நபிமாருக்கே உரியது, நம்மைப் போன்றவர்களுக்கு அது தூரத்துக் கதை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நம்முடைய கண்டி நகரிலேயே, நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் கண்ணால் கண்டு ஸலாம் சொன்ன ஒருவர், பதவி, செல்வம், நாடு, நண்பர், நற்பெயர் ஆகிய ஒவ்வொன்றையும் இழந்து சோதிக்கப்பட்டார். அவர்தாம் எகிப்தின் அஹ்மத் ஒராபி பாஷா.

நைல் நதி நாட்டின் கிராமத்துப் பிள்ளை

அஹ்மத் ஒராபி 1841ஆம் ஆண்டு, எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்திலே ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஹிர்ரியத் ரஸ்னா எனும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் அந்தக் கிராமத்தின் தலைவர். சேற்றில் கால் வைத்துப் பயிரிடும் விவசாயக் குடி அவர்களுடையது. தந்தையாரைச் சிறுவயதிலேயே இழந்த அஹ்மத், கெய்ரோவிலுள்ள அல்அஸ்ஹரில் சில காலம் மார்க்கக் கல்வி பயின்றார். பின்னர் இளம் வயதிலேயே இராணுவத்தில் சேர்ந்தார்.

அக்கால எகிப்திய இராணுவத்தில் உயர்பதவிகளைத் துருக்கிய, சேர்க்காசிய வம்சத்தவரே வகித்துவந்தனர். எகிப்திய விவசாயியின் மகன் சாதாரண சிப்பாயாகவே இருந்து முதுமையடைவது வழக்கம். ஸஈத் பாஷாவின் ஆட்சியில் அந்தக் கதவு சிறிது திறக்கப்பட்டது. அஹ்மத் மிக விரைவாக உயர்ந்து, இருபது வயதளவிலேயே லெப்டினன் கேணல் தரத்தை எட்டினார். ஸஈத் பாஷா மதீனா முனவ்வராவுக்குச் சென்றபோது அவரது பரிவாரத்தோடு செல்லும் பாக்கியமும் கிட்டியது.

ஸஈத் பாஷா 1863இல் மறைந்ததும் நிலைமை மாறியது. அடுத்து வந்த இஸ்மாயீலின் ஆட்சியில் பழைய பாகுபாடு திரும்பியது. மேலதிகாரி ஒருவரோடு ஏற்பட்ட பிணக்கின் காரணமாக ஒராபி சில காலம் பதவியிழந்தும் இருந்தார். உயரத் தூக்கப்படுவதும் ஒரு சோதனை, கீழே இறக்கப்படுவதும் ஒரு சோதனை என்பதை அவர் வாலிபத்திலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

உயர்வு எனும் சோதனை

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஆடம்பரச் செலவுகளாலும் வெளிநாட்டுக் கடன்களாலும் எகிப்து தத்தளித்தது. 1875இல் கால்வாயில் தனக்கிருந்த பங்குகளை இஸ்மாயீல் பிரித்தானியாவுக்கு விற்றார். மறு ஆண்டே கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. ஐரோப்பியர் வந்து திறைசேரியைக் கண்காணிக்கத் தொடங்கினர். வரிச்சுமை விவசாயியின் முதுகிலேயே ஏறியது. 1879இல் இஸ்மாயீல் பதவி நீக்கப்பட, அவர் மகன் தவ்பீக் ஆட்சிக்கு வந்தார்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராணுவத்தில் எகிப்தியருக்கு இழைக்கப்படும் அநீதியைச் சுட்டிக்காட்டி மூன்று கேணல்கள் முறைப்பாடு செய்தனர். ஒராபி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய அம்மூவரும் கைது செய்யப்பட்டபோது அவர்களுடைய சிப்பாய்களே வந்து விடுவித்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஒராபி தம் படையினருடன் கெய்ரோவின் ஆப்தீன் மாளிகை முன்னே நின்றார். அமைச்சரவை விலகவேண்டும், மக்கள் பிரதிநிதிகளின் சபை கூட்டப்படவேண்டும், இராணுவத்தின் தொகை 18,000 ஆக உயர்த்தப்படவேண்டும் என்பன அவரது கோரிக்கைகள். ஆட்சியாளர் இணங்கினார். 1882இன் தொடக்கத்தில் மஹ்மூத் ஸாமி அல்பாரூதியின் அமைச்சரவையில் ஒராபி யுத்த அமைச்சரானார். எகிப்து எகிப்தியருக்கே எனும் எண்ணத்துக்கு அவர் பெயரே அடையாளமாயிற்று.

வறுமையில் பொறுமை காப்பவர் பலருண்டு. கூட்டம் தன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கும்போது தன்னைக் காத்துக்கொள்பவர் சிலரே. ஒராபியின் செல்வாக்கு உச்சியிலிருந்த அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே, அவரது கையை மீறிய காரியங்கள் நடந்தன. 1882 ஜூனில் அலெக்சாந்திரியாவில் கலகம் மூண்டு பல உயிர்கள் பலியாயின. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அந்நகரைக் குண்டு வீசித் தாக்கின. தவ்பீக் அந்நியரின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

ஒரே விடியலில் எல்லாம் போயிற்று

போர்க்களத்திலே படையை நிறுத்தியிருந்த வேளையில் ஒராபிக்கு மற்றொரு செய்தி எட்டியது. முஸ்லிம் உலகின் கலீபாவாக மதிக்கப்பட்ட உதுமானிய சுல்தானே அவரைக் கலகக்காரர் என்று அறிவித்துவிட்டார். பகைவனின் குண்டைவிட இந்த வார்த்தை அவரது படையினரின் உள்ளத்தை அதிகம் தளரச் செய்திருக்கும்.

1882 செப்டெம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில், இரவோடிரவாகப் பாலைநிலத்தைக் கடந்துவந்த பிரித்தானியப் படை தல்லுல் கபீர் எனுமிடத்தில் பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்துவிட்டது. கெய்ரோ திரும்பிய ஒராபி சரணடைந்தார். அன்றுமுதல் எகிப்து பல தசாப்தங்களுக்குப் பிரித்தானியப் பிடிக்குள் அகப்பட்டது.

டிசெம்பரில் விசாரணை நடந்தது. வழக்கறிஞர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கலகம் செய்த குற்றத்தை அவர் ஏற்றுக்கொண்டார். மரணதண்டனை விதிக்கப்பட்டு, அந்த இடத்திலேயே ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன. சொத்துக்கள் பறிமுதலாயின. சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாட்டின் விதியைக் கையில் வைத்திருந்தவரிடம், குடும்பத்தையும் ஈமானையும் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

பாவாத மலையின் நாட்டுக்கு

1883 ஜனவரியில் மரியோட்டிஸ் எனும் கப்பல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஒராபியோடு மஹ்மூத் ஸாமி அல்பாரூதி, யஃகூப் ஸாமி, அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, துல்பா இஸ்மத், மஹ்மூத் பஹ்மி ஆகிய அறுவரும் குடும்பத்தவரோடும் பணியாட்களோடும் வந்திறங்கினர். சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்கள் முதலில் காலடி வைத்தது இத்தீவின் பாவாத மலையிலே என்பது முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. தாயகத்தை இழந்தவர்களுக்கு அந்த நினைவு ஓர் ஆறுதலாக அமைந்திருக்கக் கூடும். ஆதம் (அலை) அவர்களும் இழந்துதான் வந்தார்கள். தௌபா செய்து, உழுது பயிரிட்டு, மண்ணிலே ஒரு வாழ்வைத் தொடங்கினார்கள்.

கொழும்பு முஸ்லிம்கள் அவர்களைக் கைதிகளாகப் பார்க்கவில்லை, விருந்தினராக வரவேற்றனர். ஜும்ஆவுக்கு வரும் பாஷாவைக் காணவும் முஸாபஹா செய்யவும் திரண்டனர். எகிப்தியர் அணிந்திருந்த துருக்கித் தொப்பியை நம்மவரும் விரும்பி அணியத் தொடங்கினர். பின்னாளில் மாப்பிள்ளையின் தலையிலே அது கட்டாய அணியாயிற்று.

மாணவியரே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். தோற்றுப்போய் அந்நிய தேசத்தில் இருக்கும் ஒருவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். இழந்தவற்றை எண்ணி நாளெல்லாம் பகையை மெல்லலாம். அல்லது அல்லாஹ் தன்னைக் கொண்டுவந்து வைத்த இடத்திலே தன்னால் ஆகக்கூடியது என்ன என்று பார்க்கலாம். ஒராபி இரண்டாவதைத் தெரிந்தார். நாற்பது வயதைத் தாண்டிய பின் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். எந்த வல்லரசு தம்மைத் தோற்கடித்ததோ அந்த வல்லரசின் மொழியைப் பகைக்காமல் கற்றார். இதைவிடப் பெரிய பாடம் அன்றைய இலங்கை முஸ்லிம்களுக்கு வேறில்லை.

சித்திலெப்பையும் பாஷாவும்

அந்நாட்களில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன் விளைவாக ஒரு சமூகமே கல்வியில் பின்தங்கிக்கொண்டிருந்தது. ஈமானையும் காக்கவேண்டும், கல்வியையும் பெறவேண்டும் என்ற தவிப்போடு அன்று உழைத்துக்கொண்டிருந்தவர் கண்டியின் மைந்தர் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்து சட்டத்துறையில் புகழீட்டிய அவர், ஒராபி இலங்கை வருவதற்குச் சற்று முன்னர், 1882 டிசெம்பரில்தான் முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்திருந்தார்.

இருவரும் நெருங்கிய நண்பராயினர். 1884இல் சித்திலெப்பை கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். சமூகத்தின் ஆதரவு போதாமையால் அது நிலைக்கவில்லை. வேறொருவராயின் அத்தோடு கையைக் கழுவியிருப்பார். சித்திலெப்பையோ ஊர் ஊராகச் சென்றார், எழுதினார், வருமானம் தரும் தொழிலையும் கைவிட்டார். எகிப்திலே கதை தொடங்கும் அசன்பேயுடைய கதையை 1885இல் வெளியிட்டு, இலங்கையின் முதல் தமிழ் நாவலைத் தந்தவர் என்ற பெயரையும் பெற்றார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்கப்பட்ட அக்காலத்தில், 1891ஆம் ஆண்டளவில் தம் சகோதரியின் துணையோடு கண்டியில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையொன்றையும் நடத்தினார். இன்று இந்தச் சஞ்சிகையைக் கையிலேந்தி வாசிக்கும் ஒவ்வொரு மாணவியும் அந்தச் சிறிய பாடசாலையின் வழித்தோன்றலே.

1892 ஓகஸ்டில் கொழும்பு மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. சித்திலெப்பையின் சிந்தனை, வாப்பிச்சி மரிக்காரின் பொருளும் உழைப்பும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் முயற்சி, ஒராபி பாஷாவின் ஆதரவு ஆகிய எல்லாம் அங்கே ஒன்றுகூடின. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி எனப் பெயர் பெற்று நாடறிந்த நிறுவனமாக வளர்ந்தது அதுவே. தம் சொந்த நாட்டில் ஒராபி எழுப்ப நினைத்தது இடிந்துபோயிற்று. தண்டனையாக அனுப்பப்பட்ட நாட்டிலே அவர் துணைநின்ற காரியம் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அல்லாஹ்வின் ஏற்பாடுகளை நாம் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிவதில்லை.

ஹல்லொலுவ வீதியில்

கொழும்பின் வெப்பமும் ஈரக்காற்றும் எகிப்தியரின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய்கள் வாட்டின. 1891இல் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பில் வபாத்தானார். இதன்பின் 1890களின் தொடக்கத்தில் ஒராபி மலைநாட்டுக் குளிர்ச்சியை நாடிக் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹல்லொலுவ வீதியிலுள்ள இல்லமே அவரது வாழ்விடமாயிற்று.

கண்டிக்கு நாடுகடத்தலின் துயரம் புதிதன்று. இந்நகரின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிரித்தானியரால் சிறைபிடிக்கப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். தன் மன்னரைக் கடலுக்கப்பால் இழந்த நகரம், அதே கைகளால் நாட்டை இழந்த இன்னொருவருக்கு இடம் கொடுத்தது. சூழவிருந்த மலைகளும் சோதனையொன்றைக் கடந்துகொண்டிருந்தன. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அழிந்த கோப்பியின் இடத்திலே தேயிலை துளிர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இங்கேதான் ஒராபியின் மிக நீண்ட சோதனை நடந்தது. போர் ஒரு விடியலோடு முடிந்துவிட்டது. காத்திருப்போ ஆண்டுக்கணக்கில் நீண்டது. உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தனர். பொறியியலாளரும், நாடுகடத்தப்பட்ட காலத்தை வரலாறு எழுதுவதில் செலவிட்டவருமான மஹ்மூத் பஹ்மி 1894இல் கண்டியில் வபாத்தானார். 1900இல் யஃகூப் ஸாமியும் இங்கேயே மறைந்தார். இருவரையும் நைல் நதியின் மண் ஏற்கவில்லை, கண்டியின் மண் ஏற்றது. 1898 பெப்ரவரியில் உற்ற நண்பர் சித்திலெப்பையும் இறையடி சேர்ந்தார்.

அரபுக் கவிதைக்குப் புத்துயிர் கொடுத்தவர் எனப் போற்றப்படும் அல்பாரூதியின் சோதனை வேறுவிதமானது. எகிப்திலிருந்து மனைவியின் மரணச் செய்தி வந்தது. மகளையும் இழந்தார். அந்தத் துயரங்களையெல்லாம் கவிதைகளாக்கினார். ஈற்றில் பார்வையும் மங்கியது. 1899இல் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தபோது, அவர் ஏங்கிய நாட்டைக் கண்ணால் காணும் ஆற்றல் அவரிடம் இல்லை. மகனை நினைத்து அழுதழுது பார்வை இழந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வராதிருக்குமா? பொறுமை என்றால் கண்ணீர் வடிக்கக்கூடாது என்பதல்ல. நபிமாரும் அழுதிருக்கிறார்கள். முறையீட்டை அல்லாஹ்விடம் வைத்துவிட்டு அழுதார்கள்.

ஒராபியும் கல்லாக இருக்கவில்லை. உடல்நலம் குன்றுகிறது, மண்ணைக் காண விடுங்கள் என்று அதிகாரிகளுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். முயற்சி செய்வதும் தவக்குலின் ஒரு பகுதியே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டவேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியல்லவா?

மீட்சியும் கடைசிச் சோதனையும்

1901 ஏப்ரலில் பிரித்தானிய இளவரசர், பின்னாளின் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், கண்டிக்கு வந்தார். ஒராபி அவரைச் சந்தித்தார். அடுத்த மாதமே எகிப்திய ஆட்சியாளர் அப்பாஸ் ஹில்மியின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மைத் தாங்கிய தீவிடம் விடைபெற்று அவர் கப்பலேறினார். இலங்கையிலிருந்து மாங்கன்றுகளை எடுத்துச் சென்று எகிப்தில் நட்டார் என்று அந்நாட்டவர் இன்றும் சொல்லி மகிழ்வர்.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் மிகக் கடுமையான சோதனை தாயகத்திலேதான் காத்திருந்தது. எகிப்தின் புதிய தலைமுறை அவரை வரவேற்கவில்லை. முஸ்தபா காமிலும் அவரைச் சார்ந்த தேசியவாதிகளும், நாட்டை அந்நியர் கையில் விழச் செய்தவர் என்றும் அந்நியரிடமே மன்னிப்புப் பெற்று வந்தவர் என்றும் இகழ்ந்தனர். புகழ்பெற்ற கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரைப் பழித்துக் கவிதை பாடினார். பறிக்கப்பட்ட நிலங்கள் திரும்பவில்லை. பகைவர் இழைத்த துன்பத்தைத் தாங்கிவிடலாம். எவருக்காக எல்லாவற்றையும் இழந்தோமோ அவர்களே முகம் திருப்புவதைத் தாங்குவதற்கு மிகப்பெரிய ஈமான் வேண்டும்.

ஒராபி தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். தாம் செய்ததையும் தமக்கு நேர்ந்ததையும் பதிவுசெய்துவிட்டு, தீர்ப்பைக் காலத்திடம் விட்டார். 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில் அவர் வபாத்தானார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952இன் புரட்சியோடு எகிப்து அவரைத் தேசத்தின் வீரராக மீண்டும் ஏற்றுக்கொண்டது. இன்று கெய்ரோவிலே வீதிக்கும் சுரங்கப் புகையிரத நிலையத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது. கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம், அவர் இலங்கைக்கு வந்து நூறாண்டு நிறைவுற்ற 1983இல், ஒராபி பாஷா கலாசார நிலையமாகத் திறக்கப்பட்டது. இந்தக் கௌரவங்களில் ஒன்றையும் அவர் தம் கண்ணால் காணவில்லை.

நமக்குரிய படிப்பினை

ஒராபி தவறே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. அவரது போர்த் திட்டத்தையும் அரசியல் முடிவுகளையும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். சோதிக்கப்படுபவர் குறையற்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை. குறையுள்ள பொன்னுக்குத்தானே புடம் தேவை? ஆப்தீன் மாளிகை முன்னே குதிரைமேல் வந்த வாலிபத் தளபதியையும், ஹல்லொலுவ வீதியில் நண்பர்களின் ஜனாஸாக்களைச் சுமந்த முதியவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது உருகி எது எஞ்சியது என்பது விளங்கும். பட்டமும் படையும் உருகிப்போயின. கல்வியின் மீதிருந்த ஆர்வமும், கலிமாவின் உறவும், காத்திருக்கும் பொறுமையும் எஞ்சின.

அன்பான பெற்றோரே, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எதிர்பார்த்தபடி அமையாதபோதும், வியாபாரம் நொடிக்கும்போதும், வீட்டில் நோய் நுழையும்போதும், அல்லாஹ் நம்மைக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணம் உள்ளத்தில் எழலாம். அவன் கைவிட்டதாகத் தோன்றிய நாட்களிலேதான் ஒராபியின் கையால் ஒரு சமூகத்தின் கல்விக்கு அத்திவாரமிடச் செய்தான் என்பதை நினைவூட்டிக்கொள்வோம்.

அருமை மாணவியரே, கண்டியில் நீங்கள் நடக்கும் வீதிகளிலே பொறுமையின் வரலாறு உண்டு. விடுமுறை நாளொன்றில் பெற்றோருடன் ஹல்லொலுவ வீதி இல்லத்துக்குச் சென்று பாருங்கள். ஒரு பாடசாலை தோற்றபின் இன்னொன்றைத் தொடங்கிய சித்திலெப்பையையும், நாட்டை இழந்தபின் எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படித்த பாஷாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் சோதனை அவர்களுடையதைவிடச் சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். அதை அனுப்புபவன் ஒருவனே. அவனே அதைத் தாங்கும் வலிமையையும் தருபவன்.

அல்லாஹ் அவ்விருவரின் கப்றுகளையும், கண்டி மண்ணில் துயிலும் அவர்தம் தோழர்களின் கப்றுகளையும் ஒளிமயமாக்குவானாக. நம் உள்ளங்களைச் சோதனையில் சிதறாது காத்து, புடமிட்ட பொன்னாக்கித் தருவானாக. ஆமீன்.